என் மனைவி எழுதிய நுழைவுத்தேர்வு

என் மனைவி சட்டப் படிப்புக்கான நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவந்தபோது, தேர்வுக்குப் பதினேழு நாட்கள் இருந்தன. காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டு அவள் நகராமல் நின்றாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். வக்கீலுக்குப் படிக்கலாம்னு இருக்கேன். மூணு வருசப் படிப்பு. நேத்துதான் கடைசி நாளு. போட்டுட்டேன்."

"எங்க வச்சுப் போட்ட?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல. வேலை முடிஞ்சு வரும்போது."

எதற்காக என்று நான் கேட்கவில்லை. எப்போதிருந்து இந்த யோசனை என்றும் கேட்கவில்லை. எங்கே வைத்துப் போட்டாய் என்றுதான் என் வாயில் வந்தது. ஏனென்றால் நான் பத்திர எழுத்தர். சங்கரன்கோவில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் எனக்கு ஒரு அறை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு பெஞ்சுகள். கிரையம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, உயில் என்று பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். எந்தப் படிவத்தை நிரப்பவேண்டும் என்றாலும் சுற்றுவட்டாரத்திலிருந்து என்னைத் தேடி வருவார்கள். என் வீட்டுக்காரி மட்டும் தன்னுடைய படிவத்தைக் கொண்டுபோய் வேறு எங்கோ நிரப்பியிருக்கிறாள்.

அவள் பி.காம். படித்தவள். ஊரில் ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அப்போது முப்பத்தாறு வயது. எங்கள் மகள் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். அரசுச் சட்டக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள். அவளுடைய மதிப்பெண் அதற்குக் காணாது. மதுரையில் ஒரு தனியார் கல்லூரி தானே பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு விளம்பரத்தில் பார்த்திருக்கிறாள். இரண்டு வாரம் யோசித்து, கடைசி நாளன்று மாலை போட்டிருக்கிறாள்.

எனக்கும் ஒரு காலத்தில் சட்டம் படிக்க ஆசை இருந்தது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது, மூத்த மகன் என்பதால் வேலைக்கு வரவேண்டியதாகிவிட்டது என்று சொல்வேன். பெண் பார்க்கப் போன அன்று மாமனாரிடமும் அப்படித்தான் சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது உண்மை. ஆனால் அது விண்ணப்பத்தின் கடைசி நாள் போய் ஐந்து மாதம் கழித்து. பாளையங்கோட்டைக்குப் போய் வாங்கி வந்த படிவத்தை நான் அலமாரியில் வைத்தேன். வகுப்பெல்லாம் இங்கிலீஷில் நடக்கும் என்று ஒருவர் சொன்னார். அதன்பிறகு அந்தப் படிவத்தைக் கையில் எடுக்கவே இல்லை.

அதனால் அவள் சொன்னதும் எனக்குள் வந்தது கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வயிற்றில் ஒரு சூடு வருமே, அதுதான். சொந்த மனைவியின்மேல் அப்படி வரும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

"சரி, படி" என்றேன். "சட்டம் சம்பந்தமா எது கேக்கணும்னாலும் என்கிட்ட கேளு."

"கேக்காம பொறவு? வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு வெளிய போவாங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அது அட்மிஷன் நேரம். ஐந்து மணிவரை அவளுக்கு மூச்சுவிட முடியாது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து படித்தாள். திருநெல்வேலியிலிருந்து வரவழைத்த ஒரு தடித்த கைடு. நூறு கேள்விகள், அதில் நாற்பது சட்ட அறிவு. மீதி இங்கிலீஷ், பொது அறிவு, கணக்கு. தப்பான பதிலுக்குக் கால் மார்க் போய்விடும். பொது அறிவை மகள் கேட்டாள். எந்த மாநிலத்துக்கு எது தலைநகர் என்பதில் அம்மா தடுமாறும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். சட்டம் என்னுடையது என்று தானாகவே முடிவாயிற்று. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதல் இரண்டு நாள் நன்றாகப் போனது. சொத்துரிமை, ஒப்பந்தம், சாட்சி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்த ஆட்டுக் கேள்வி வந்தது. இங்கிலீஷில் வாசித்துவிட்டு, அவளே தமிழில் சொன்னாள்.

"விதி என்னன்னா, ஒருத்தரோட நிலத்துக்குள்ள அவரைக் கேக்காம நுழைஞ்சா அது அத்துமீறல். எதுக்காக நுழைஞ்சாங்கறது முக்கியமில்ல. இப்ப ஒரு ஆளோட ஆடு பக்கத்துத் தோட்டத்துக்குள்ள ஓடிருது. அதைப் புடிக்க அவர் உள்ள போறாரு. அத்துமீறலா, இல்லையா?"

"இல்ல" என்றேன். "ஆட்டைப் புடிக்கப் போனவன் மேல எவன்ட்டி கேஸ் போடுவான்?"

அவள் கைடைத் திருப்பிப் பார்க்கவில்லை. "அத்துமீறல்தான்னு நான் நினைக்கேன்" என்றாள். "எதுக்காகன்னு பாக்கக் கூடாதுன்னு விதியிலேயே இருக்குல்லா?"

"ஊர் நடப்பு உனக்குத் தெரியாது. நான் எத்தனை வரப்புச் சண்டையைப் பார்த்திருக்கேன்."

"ஊர் நடப்பை அவங்க கேக்கலங்க. மேல ஒரு விதி தாராங்க, கீழ ஒரு சம்பவம் தாராங்க. அந்த விதியை மட்டும் வச்சுச் சொல்லணும். நமக்குத் தெரிஞ்சதை உள்ள கொண்டுவரக் கூடாது. முன்னாடி பக்கத்துல போட்டிருக்கான்."

கடைசிப் பக்கத்தில் விடை பார்த்தோம். அத்துமீறல்தான். மகள் கைதட்டினாள். அடுத்த ஐந்து கேள்விகளில் மூன்றில் நான் தப்பு, அவள் ஐந்திலும் சரி. எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் எனக்கே குறுக்கே வந்து நின்றது. ஒன்றும் தெரியாதவள் நேராகப் போய் விடையைத் தொட்டாள். குக்கர் சத்தம் கேட்டு அவள் எழுந்து போனபோது, நான் கைடை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசித்தேன். அப்போதும் எனக்கு ஆட்டுக்காரன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

மறுநாள் மத்தியானம், முன்சீப் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு பெண் என் அறைக்கு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய கிரையப் பத்திரங்களின் நகலுக்காக அடிக்கடி வருகிறவர். நகலை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கேட்டார்.

"அண்ணாச்சி, மதினி லா என்ட்ரன்ஸ் எழுதுதாங்களாமே? பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. என் அண்ணன் பிள்ளைக்கு அட்மிஷன் போட நேத்து போயிருந்தேன்."

"ஆமா, சும்மா எழுதிப் பாக்கா" என்றேன்.

"சும்மா என்ன? நல்லா எழுதட்டும். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல நான் ஆபீசுலதான் இருப்பேன். வரச் சொல்லுங்க. நான் எழுதின பரீட்சைதானே, எப்படிப் போடணும்னு ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துருவேன். மறக்காம சொல்லுங்க அண்ணாச்சி."

"சொல்லுதேன்" என்றேன்.

சொல்லவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது ஞாபகம் இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போதும் இருந்தது. அவள் ஒரு கேள்வியில் சிக்கி, "இது ஏன் இப்படி வருதுன்னு தெரியலயே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது நன்றாகவே ஞாபகம் இருந்தது. நான் ஒரு விளக்கம் சொன்னேன். அது தப்பான விளக்கம் என்று எனக்கே பாதியில் தெரிந்தது. அவள் தலையாட்டினாள், நோட்டில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். இப்படி ஐந்து நாள் போயிற்று. பதினேழு நாளில் ஐந்து நாள் என்பது எவ்வளவு என்று எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை.

அந்த நாட்களில் ஒன்றில் இன்னொரு காரியமும் செய்தேன். அவளுடைய கைடில் ஐந்து மாதிரித் தேர்வுகள் இருந்தன. அதில் ஒன்றை எங்கள் பிரிண்டரில் நகல் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு எழுதினேன். செல்போனில் ஒன்றரை மணி நேரம் வைத்தேன். நேரம் முடிந்து மணி அடித்தபோது எழுபது கேள்விதான் ஆகியிருந்தது. மணியை நிறுத்திவிட்டு மேலும் இருபது நிமிடம் எழுதினேன். யார் பார்க்கப்போகிறார்கள்? திருத்திப் பார்த்தால் நாற்பத்தொன்பது. அதே தேர்வை அவள் முந்தின நாள் சமையலறையில், நடுவில் இரண்டு தடவை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, அறுபத்தாறு வாங்கியிருந்தாள். விடைத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டில் துவைக்கப் போடும்போது கிடைத்துவிடும் என்று பயந்து, திரும்ப எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

அறுபத்தாறு என்ற அந்த எண் சாயங்காலம் வரை என்னைவிட்டுப் போகவில்லை. வந்தவருக்குப் பட்டா எண்ணைத் தட்டும்போது இரண்டு தடவை அறுபத்தாறு என்றே தட்டிவிட்டேன்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் கீரை வாங்கப் போனாள். திரும்பி வந்து கீரைக்கட்டை முற்றத்தில் பிரித்துப் போட்டாள். ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"மார்க்கெட்டுல வக்கீலம்மாவைப் பார்த்தேன். நாளையிலருந்து சாயங்காலம் அவங்க ஆபீசுக்குப் போறேன். மாவு அரைச்சு வச்சிருக்கேன். நீங்களும் பிள்ளையும் ஊத்திச் சாப்பிட்டுக்கிடுங்க."

நான் காத்திருந்தேன். அடுத்த கேள்வி வரும், அதற்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் இரண்டு மூன்று பதில்கள் தயார் செய்தேன். வேலை மும்முரம், நாலு பத்திரம் ஒரே நாளில் வந்துவிட்டது, மறந்தே போயிற்று. அவள் கேட்கவில்லை. கீரையைக் கழுவி அடுப்பில் வைத்தாள். சாப்பாடு போட்டாள். மகளிடம் பேசினாள். என்னிடமும் பேசினாள், ரேஷன் கார்டைப் பற்றி. ஆனால் அன்று மாலை முதல் கைடில் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. சமையலறையில் என் ஸ்டூல் காலியாக இருந்தது. அடுத்த நாள் அதன்மேல் அரிசி டப்பாவை வைத்திருந்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் என்னை அரித்தது. தினமும் ஐந்தரைக்கு அவள் போவதும் ஏழரைக்கு வருவதும், வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி இருப்பதும். எனக்கு முன்னால் உட்கார்ந்து படித்த நாட்களில் அந்தத் தெளிச்சி இருந்ததாக ஞாபகம் இல்லை. அந்த வக்கீல் பெண்ணின்மேல் பொறாமை, மனைவியின்மேல் பொறாமை, அவர்கள் இருவரும் உட்கார்ந்திருக்கும் மேஜையின்மேல்கூடப் பொறாமை. இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், ஒரு வில்லங்கச் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். மறுநாள் கொடுத்தாலும் போதுமானதுதான் அது. வக்கீல் அலுவலகம் மாடியில். படியில் பாதி ஏறும்போதே என் மனைவியின் குரல் கேட்டது. நின்றுவிட்டேன்.

"ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அந்தச் சொத்துல ஒண்ணுமே கேக்க முடியாதா?"

"முடியாது மதினி. உங்க பங்கை நீங்களே விட்டுக் குடுக்கீங்க இல்லையா. ஏமாத்தி வாங்கினாங்கன்னு காட்டினாத்தான் உண்டு. ஏன், யாராவது அப்படி வாங்கிட்டாங்களா?"

"ஏமாத்தல்லாம் இல்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நல்லவங்கதான். ராயகிரியில அப்பா தோட்டம். அஞ்சு வருசத்துக்கு முன்னாடி எழுதிக் குடுத்தேன். எனக்குத் திரும்ப வேண்டாம். அன்னைக்கு நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நான் போட்ட கையெழுத்து என்ன செஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கிடணும், அதான் கேக்கேன்."

அந்தப் பத்திரத்தை எழுதியவன் நான். மச்சினன்மார் இருவரும் வந்து கேட்டார்கள், எழுதினேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடக்கும். பெண்பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அதில் நான் தப்பாக எதையும் பார்க்கவில்லை. அவளை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, "இங்கன ஒண்ணு போடு, அங்கன ஒண்ணு போடு" என்று பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். மற்றவர்களுக்கு எழுதும்போது முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். அவளுக்கு வாசிக்கவில்லை. என் மனைவிதானே என்று இருந்துவிட்டேன்.

படியில் நின்றபடி எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். அவளுக்கு அநியாயம் செய்துவிட்டேன் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது, இதை ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பது. அந்தப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஒரு கிளி மாதிரி ஒப்பித்திருப்பேன். அவள் வந்து கேட்டது பத்து வயது இளையவரான வேறொருத்தரிடம். சான்றைக் கொடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

தேர்வு மதுரையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். மகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, காலை பாசஞ்சர் ரயிலில் இருவரும் கிளம்பினோம். நான் வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. ராஜபாளையம் தாண்டும்வரை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லூரி வாசலில் கூட்டம். பெரும்பாலும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் அவர்களுடைய அப்பா அம்மாக்கள். அந்த அப்பா அம்மாக்களில் சிலர் எங்கள் வயதுதான். கேட்டில் நின்ற காவலாளி எங்கள் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்களா எழுதுறீங்க?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வினாடிக்கு மேல் ஆனது. ஆமாம் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

"நான்தான்" என்றாள் அவள்.

காவலாளி ஹால் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுல இடது பெருவிரல் ரேகை வைக்கணும்மா. கட்டம் காலியா இருக்கு. வெளியிலயே வச்சிட்டு வரச் சொல்லி உத்தரவு. உள்ள மை கிடையாது."

அவள் ஹால் டிக்கெட்டை வாங்கிப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த அந்த வரியை அவளும் பார்க்கவில்லை, வக்கீல் பெண்ணும் பார்க்கவில்லை. சுற்றிப் பார்த்தால் எங்களைப்போலவே பதினைந்து இருபது பேர். ஒரு பிள்ளை பேனா மையை விரலில் தடவி அழுத்தி, கட்டம் முழுக்க நீலக் கறையாக்கிவிட்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு அப்பா, பக்கத்தில் ஸ்டேஷனரி கடை எங்கே என்று கேட்டபடி ரோட்டில் ஓடினார்.

என் தோள்பையில் ஸ்டாம்ப் பேட் இருந்தது. எங்கே போனாலும் இருக்கும். படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு ரேகை எடுக்க வீட்டுக்கே போகிறவன் நான். வெளியே எடுத்தேன்.

"கையைக் குடு" என்றேன். பல நாளுக்குப் பிறகு அவளிடம் நான் நேராகச் சொன்ன வார்த்தை. பெருவிரலை மையில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டினேன். கட்டத்தில் அதேபோல் ஒரே உருட்டு. அழுத்தக் கூடாது, அழுத்தினால் கோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ரேகையும் தனித்தனியாகத் தெரிந்தது. விரலைத் துடைக்கப் பையிலிருந்த பழைய துணியைக் கொடுத்தேன்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வரிசையில் வந்துவிட்டார்கள். "அங்கிள், எனக்கும்." "சார், பிள்ளைக்கு ஒண்ணு வச்சுவிடுங்க." காம்பவுண்டுச் சுவரின்மேல் பேடை வைத்துக்கொண்டு இருபது பெருவிரல்களை உருட்டினேன். பேனா மை வைத்த பிள்ளைக்கு, பக்கத்தில் தெளிவாக இன்னொன்று வைத்து, காவலாளியிடம் நானே போய்ப் பேசினேன். அவர் சரி என்றார். எல்லாரும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் ரேகை வைத்துவிட்ட ஒவ்வொரு விரலும் உள்ளே போனது, நான் வெளியே நின்றேன். அவள் கேட்டுக்குள் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு மணி நேரம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக எழுதட்டும் என்று நினைத்தேன். ரொம்ப நன்றாக எழுதிவிடக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன.

திரும்பும் ரயிலில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால், சொல்லிவிட்டேன்.

"நீ மார்க்கெட்டுல பார்க்கறதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடியே அந்த வக்கீலம்மா சொன்னாங்க. உன்னை வரச்சொல்லி. நான்தான் உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"மறந்து போயி இல்ல."

"அதுவும் தெரியும்."

"பொறவு ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க ஒரு காரணம் சொல்லுவீங்க. அதை நான் நம்பணும், இல்லேன்னா சண்டை போடணும். ரெண்டுக்கும் எனக்கு நேரமில்ல. எட்டு நாள்தான இருந்துச்சு."

எதிர் இருக்கையில் இருந்த அம்மா எங்களைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "ஆட்டுக் கேள்வி மாதிரி ஒண்ணு வந்துச்சு" என்றாள் அவள். "ஆடு இல்ல, கிரிக்கெட் பந்து."

"என்ன போட்ட?"

"அத்துமீறல்னு."

"சரிதான்" என்றேன். மனசுக்குள் பந்தைப் பிடிக்கப் போனவன் பக்கம்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

விடுதலைப் பத்திரத்தைப் பற்றி அன்று பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, அலுவலகத்திலிருந்து அதன் நகலை எடுத்து வந்து, சாப்பிட்டபிறகு அவள் முன்னால் வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டினேன். முடித்ததும், "நல்லா எழுதியிருக்கீங்க, ஓட்டையே இல்ல" என்றாள். அது பாராட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்து இரண்டு வாரம் கழித்து இடம் வந்தது. வேலையை விட்டாள். திங்கள் காலை மதுரைக்குப் போய் விடுதியில் தங்கி, வெள்ளி இரவு வருவாள் என்று ஏற்பாடு. மகளுக்குத் தலை பின்னவும், இட்லிக்கு உளுந்து எவ்வளவு போடவேண்டும் என்றும் நான் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் அவள் போனில் வகுப்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் "ம்" மட்டும் சொல்வேன். எங்கே அவளுக்குப் புரியாமல் இருக்கிறது என்று தேடிக் கேட்பேன். இங்கிலீஷில் சிரமப்பட்டாள். வகுப்பில் பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டுக் குறிப்புகளைக் கொடுத்து உதவினார்கள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கிலீஷுக்குப் பயந்து ஒரு படிவத்தை அலமாரியில் வைத்தவனுக்கு எப்படிப் பொறுக்கும்? அந்தப் படிவத்தின் கதையை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

இப்போது இரண்டாம் வருடம். போன மாதம் அவளுடைய கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடந்தது. மாணவர்களே இரண்டு பக்கமும் நின்று வாதாட, வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல் நீதிபதியாக உட்கார்ந்திருப்பார். நானும் மகளும் போயிருந்தோம். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் எழுந்து நின்றபோது, பக்கத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாடகைக்கு இருந்தவரின் கடைக்குள் கட்டடச் சொந்தக்காரர் பூட்டை உடைத்துப் போன வழக்கு. அவள் வாடகைக்காரர் பக்கம். முதல் பத்து நிமிடம் நன்றாகப் பேசினாள். பிறகு நீதிபதி குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் மறுபடியும் கேட்டார். அவளுக்கு இங்கிலீஷ் தட்டியது, காகிதத்தைப் புரட்டினாள், நேரம் முடிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஜெயித்தாள்.

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளின் கை என் கைக்குள் இருக்கும்போதே வந்தது அது. அதை எழுதாமல் விட்டால் இதுவரை எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

வெளியே மரத்தடியில் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே வந்தாள். "எப்படி இருந்துச்சு? நிசமாச் சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டாவது கேள்விக்கு நீ சொன்ன பதில் சரிதான். அந்தக் கடைக்கு ஒப்பந்தம் பதிவு ஆகலை, ஆனாலும் கடை அவன் கைவசம்தான் இருக்கு, கோர்ட்டுக்குப் போகாம பூட்டை உடைக்க முடியாது. அதைத்தான் நீ சொன்ன. நீதிபதியா இருந்தவருக்கு அது புடிபடலை. நீ அங்கன கொஞ்சம் அழுத்தியிருக்கணும், காகிதத்தைப் பார்க்கப் போயிட்ட."

அவள் கோட்டை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து மகளிடம் பேனா கேட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். "மெதுவா. எழுதிக்கிடுதேன்."